ஐந்து தட்டுக் கண்ணாடித் தூண்

நான் வேலை செய்த மருந்துத் தொழிற்சாலை மூடப்பட்டபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருடங்கள் அங்கே ஆய்வுகூட உதவியாளராக இருந்தேன். தொழிற்சாலையின் பின்பக்கத்தில் மூன்று மாடி உயரத்துக்கு ஓர் உருக்குத் தூண் நின்றது. பாவித்த கரைப்பான்களைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, கலந்திருப்பவற்றைப் பிரித்து, மறுபடி சுத்தமாக எடுப்பது அதன் வேலை. அதன் குழாய்களில் மாதிரி பிடித்துக்கொண்டு வந்து சோதிப்பது என் வேலை. தூணுக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் ஒருநாளும் கண்டதில்லை. உருக்குக்குள் எதைக் காண்பது? திரையில் எண்கள் வரும், அவற்றைக் குறித்துக்கொள்வோம்.

அந்தத் தூணை இயக்குவதற்கு என்னைப் பழக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை, அது பாரமான வேலை என்றார்கள். இரண்டாம் தடவை, இரவு முறைக்கு வரவேண்டும் என்றார்கள். வருகிறேன் என்று சொன்னதற்குப் பதில் வரவில்லை. மூன்றாம் தடவை கேட்டு ஆறு மாதத்தில் தொழிற்சாலையே மூடிவிட்டது.

வேலை போன பிறகு இரண்டு கிழமை வீட்டில் சும்மா இருந்தேன். அப்போது இணையத்தில் ஒரு காணொளி பார்த்தேன். யாரோ ஒருவர் தன் கராஜில் ஒரு சிறிய தூணை வைத்திருந்தார். அது கண்ணாடியில் செய்தது. கண்ணாடித் துண்டுகளுக்கு இடையில் செம்புத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் திரவம் தேங்கி நின்று கொதித்துக் குமிழிவிட்டது. கீழேயிருந்து வரும் ஆவி தட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போவதும், மேலே குளிர்ந்தது வழிந்து கீழ்த்தட்டுக்கு இறங்குவதும் கண்ணுக்கு முன்னால் நடந்தன. அதை ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை பார்த்தேன். பிறகு ஒரு கொப்பியை எடுத்து என்னென்ன சாமான் வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன்.

மொன்றியல் நகரத்தின் வில்லரேப் பகுதியில் ஓர் இரண்டு மாடி வீட்டில் நானும் அக்காவும் இருக்கிறோம். அவள் மேலே, நான் கீழே. கீழ்வீட்டோடு பேஸ்மென்டும் எனக்கு. அவளுடைய கணவர், என் அத்தான், போய் நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அவரைக் கொண்டுபோனது குடி. அக்கா ஒரு கார்டரியில், பகல்நேரக் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் யாருடைய காரிலாவது தொற்றிக்கொண்டு டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போய்விடுவாள்.

முதல் பெட்டி வந்த அன்று அவள்தான் கையெழுத்து வைத்து வாங்கி வைத்திருந்தாள். நான் அதைக் குசினி மேசையில் வைத்துப் பிரித்தேன். நாலு அங்குல அகலமுள்ள தடித்த கண்ணாடி உருளைகள், வைக்கோல் நிறக் கடதாசியில் சுற்றி வந்திருந்தன.

"உது என்ன, பூச்சாடியே?" என்றாள்.

நான் சொன்னேன். கொதிகலம், தட்டுகள், ஆவி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்ப சாராயம் காய்ச்சிறது."

"சாராயமும் காய்ச்சலாம் அக்கா. எனக்கு அது உள்ளுக்கை எப்பிடி வேலை செய்யுதெண்டு பாக்கவேணும்."

"அவர் குடிச்சுக் குடிச்சுச் சாகேக்கை பக்கத்திலை இருந்தவள் நான். இப்ப நீ என்ரை காலுக்குக் கீழை வைச்சு அதைக் காய்ச்சப் போறாய்."

அவள் குரலை உயர்த்தவில்லை. படியேறிப் போய்விட்டாள். நான் கண்ணாடிகளை மறுபடி கடதாசியில் சுற்றி வைத்தேன்.

அடுத்த நாள் வேறொரு விஷயமும் தெரியவந்தது. வீட்டில் வைன் செய்துகொள்ளலாம் என்பதால் இதையும் செய்யலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சரிதானா என்று அறிய, மது உரிமங்களைக் கொடுக்கும் வரித் திணைக்களத்துக்குப் போன் எடுத்தேன். பேசிய பெண் பொறுமையானவள். மதுசாரம் என்றால் உரிமம் இல்லாமல் ஒரு துளிகூட வடிக்க முடியாது, விற்காமல் நீங்களே குடிப்பதாக இருந்தாலும் அப்படித்தான் என்றாள்.

"தண்ணீரை வடிக்கலாமா?" என்று கேட்டேன்.

"தண்ணீரையா? ஏன்?"

"பழகுவதற்கு."

தண்ணீரைப் பற்றித் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்றாள்.

அன்று பின்னேரம் மேலே போய் அக்காவின் கதவைத் தட்டினேன். "இந்த வீட்டிலை தண்ணியைத் தவிர ஒண்டும் கொதிக்காது. சத்தியம்" என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டாள். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வேலையைத் தொடங்கினேன்.

தூணைக் கட்டுவதற்கு இலையுதிர் காலம் முழுவதும் போனது. கீழே ஐம்பது லீற்றர் பியர் பீப்பா ஒன்று, அதுதான் கொதிகலம். அதற்குள் சூடாக்கும் கம்பி பொருத்தி, உடுப்பு உலர்த்தும் மெஷினின் பெரிய பிளக்கில் மின்சாரம் எடுத்தேன். மின்வேலைக்கு மட்டும் உரிமம் உள்ள ஒருவரைக் கூப்பிட்டேன். மிச்சம் எல்லாம் நான்தான். பீப்பாவுக்கு மேலே ஐந்து கண்ணாடி உருளைகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு செம்புத் தட்டு. தட்டில் கவிழ்த்து வைத்த சிறு கிண்ணங்கள் போல மூடிகள் இருக்கும். ஆவி அந்த மூடிகளுக்கு அடியால் வந்து தேங்கிய திரவத்துக்குள் குமிழியாக வெளிவரும். தேங்கியது அளவுக்கு மேல் போனால் பக்கத்தில் உள்ள ஒரு சிறு குழாயால் கீழ்த்தட்டுக்கு இறங்கும். உச்சியில் குளிர்விப்பான். அதற்குள் ஓடும் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துத்தான் எவ்வளவு ஆவியைத் திருப்பி அனுப்புவது, எவ்வளவை வெளியே விடுவது என்று தீர்மானிக்கவேண்டும். நான்கு நீண்ட கம்பிகளும் அவற்றின் நட்டுகளும் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தன.

முதல் தடவை தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தபோது, கீழ்த்தட்டில் ஒரு பக்கம் மட்டும் குமிழி வந்தது. மறுபக்கம் காய்ந்து கிடந்தது. மூன்று நாள் மூடிகளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் மட்டக்கோலை வைத்துப் பார்த்தால், பிழை தூணில் இல்லை. எங்கள் பேஸ்மென்டின் தரை நடுவிலிருக்கும் வடிகாலை நோக்கிச் சரிந்திருந்தது. பத்து வருடம் அந்தத் தரையில் நடந்தும் எனக்குத் தெரியவில்லை. பீப்பாவின் கீழே தகடுகள் செருகி நேராக்கினேன்.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை காலை ஐந்து தட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பின. முதலில் கண்ணாடி மங்கி, பிறகு மேலிருந்து துளிகள் விழத் தொடங்கின. மேல்தட்டில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்று துள்ளியது. அது வழிந்து நான்காவது, மூன்றாவது என்று இறங்கியது. நான் ஒரு பழைய கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் இருந்தேன். பத்தொன்பது வருடமாக நான் திரையில் பார்த்த எண்கள் இவைதான் என்று தோன்றியது. மத்தியானச் சாப்பாடு எடுக்க மறந்துபோனேன்.

கிழமையில் மூன்று நாள் ஓட்டினேன். சூட்டைக் கூட்டினால் எந்த இடத்தில் தட்டுகள் வெள்ளமாகி நிரம்பி வழிகின்றன, குறைத்தால் எந்த இடத்தில் திரவம் ஓட்டைகளால் கீழே ஒழுகிவிடுகிறது, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது, எல்லாம் கொப்பியில் ஏறின. இடைக்கிடை தெரிந்தவர்கள் கேட்பார்கள், வேலை தேடுகிறாயா என்று. ஓம், தேடுகிறேன் என்பேன். அது பொய்யில்லை.

ஜனவரியில் கண்ணாடி வெடித்தது. பிழை என்னுடையது.

மொன்றியலில் ஜனவரி மாதம் குழாய்த் தண்ணீர் கை விறைக்கும் குளிரில் வரும். அதை நேராக உச்சிக் குளிர்விப்பானுக்கு விட்டிருந்தேன். கொஞ்சம் திறந்தாலும் ஆவி முழுவதும் ஒரேயடியாகக் குளிர்ந்து மேலே வெற்றிடமாகிவிடும்; தட்டுகளில் நின்ற தண்ணீர் எல்லாம் குலுங்கிக் கொட்டுண்டுவிடும். அதோடு அன்று மேல் இணைப்பில் ஒரு சொட்டு ஒழுகியது. ஓட்டத்தை நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு இறுக்கியிருக்கவேண்டும். நான் ஸ்பானரை எடுத்து, சூடாக இருக்கும்போதே ஒரு நட்டைக் கால் சுற்று இறுக்கினேன். 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம். மேல் கண்ணாடியில் ஒரு கோடு ஓடியது. அடுத்த கணம் அது பிளந்து கொதிநீர் என் முன்கையில் கொட்டியது.

பிளக்கை இழுத்துவிட்டுக் கையைத் தொட்டிக் குழாயில் பிடித்தேன். விழுந்த கண்ணாடியின் சத்தம் மேலே கேட்டிருக்கிறது. அக்கா செருப்புப் போடாமலே படிகளில் இறங்கி வந்தாள். தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "அசையாதை" என்று சொல்லிவிட்டுப் போய் இரண்டு பேருக்கும் செருப்புக் கொண்டுவந்தாள். பிறகு என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் கேட்டாள்.

"இனி விடுவியோ?"

"விடமாட்டன் அக்கா."

"ஏன்?"

"எங்கை பிழைவிட்டன் எண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டு எப்பிடி விடுறது?"

பனியில் பஸ்ஸுக்காக நின்றோம். அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி கதைத்தாள். "கடைசி வருசம் அவர் வொட்காதான் குடிச்சவர். மணம் வராதெண்டு. கார்க் கண்ணாடி கழுவுற நீலத் தண்ணி வருமே, அந்தக் கானுக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தவர். எனக்கு எட்டு மாசம் தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ செய்யப்போறதும் மணமில்லாததோ?"

"இல்லை. மணம் இருக்கும்."

அவள் தலையாட்டினாள். பஸ் வந்தது.

கை ஆறுவதற்கு ஒரு மாதம் எடுத்தது. அந்த மாதத்தில் தூணின் அமைப்பைக் கொப்பியில் திருத்தி எழுதினேன். குழாய்த் தண்ணீர் இனி நேரே உள்ளே போகாது. ஒரு பெரிய தொட்டியில் வெதுவெதுப்பாக வைத்து, சிறு பம்பால் சுற்றவிடுவது. இணைப்புகளுக்குத் தடித்த வாஷர். நட்டுகளைக் குளிரில், எதிரெதிராக, கையால் மட்டும் இறுக்குவது. தூணைச் சுற்றி உடையாத பிளாஸ்டிக் மறைப்பு. மாசி முடிய மறுபடி ஓட்டினேன். ஓடியது.

தண்ணீரில் பழகியது போதும், இனி உரிமம் உள்ள ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. அகாடி மெட்ரோ நிலையத்துக்கு வடக்கே, முன்பு துணித் தொழிற்சாலைகள் இருந்த தெருவில், ஒரு பெண் சிறிய வடிசாலை வைத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், அப்பிள் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து, ஒரு பெரிய செம்புப் பானையில் பிராந்தி வடிப்பாள். வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவள் விளம்பரம் போட்டிருக்கவில்லை. நான் போய்க் கதவைத் தட்டி, என் உடைந்த பிரெஞ்சில், என்னிடம் ஐந்து தட்டுக் கண்ணாடித் தூண் இருக்கிறது, அதை உங்கள் உரிமத்தின் கீழ் இங்கே வைத்து ஓட்டவேண்டும் என்றேன்.

"இதற்கு முன் என்ன வடித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"தண்ணீர்."

அவள் சிரித்து, நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அடுத்த கிழமையும் போனேன். போத்தல்களுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தாள், நேரமில்லை என்றாள். மூன்றாம் தடவை கொப்பியைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நாற்பத்தொரு ஓட்டங்கள் அதில் இருந்தன. கொதிகலத்தின் சூடு, தட்டில் நின்ற தண்ணீரின் உயரம், வெடித்த கண்ணாடியின் படம், என்ன பிழைவிட்டேன் என்பது, எல்லாம் ஆங்கிலமும் பிரெஞ்சும் தமிழுமாக.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கண்ணாடி உடைந்ததையும் எழுதி வைத்திருக்கிறீர்கள். வாருங்கள், கதைப்போம்" என்றாள்.

புதிய கருவியை உரிமத்தில் சேர்க்கும் கடதாசி வேலைகளுக்கு ஐந்து மாதம் போனது. அந்த ஐந்து மாதமும் அவளுடைய பானையைக் கழுவினேன், அப்பிள் பீப்பாக்களை உருட்டினேன். பாரமான வேலைதான். செய்ய முடிந்தது.

செப்டெம்பரில் தூணை அங்கே பூட்டி, புளித்த அப்பிள் சாற்றை ஊற்றினோம். இருபது நிமிடத்தில் நுரை கிளம்பியது. தண்ணீர் நுரைப்பதில்லை, என் கொப்பியில் நுரைக்கு ஒரு வரிகூட இல்லை. அது ஒவ்வொரு தட்டாக ஏறி, ஐந்தையும் நிரப்பி, உச்சியைக் கடந்து, வெளிவரும் குழாயால் கபில நிறமாகக் கொட்டியது. நான் சூட்டை நிறுத்தினேன். இரண்டு பேரும் தரையைத் துடைத்தோம்.

"தண்ணீர் வேறு, இது வேறு" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கூடுதலாகச் சுட்டது.

"உங்கள் பானையில் முதலில் ஒரு தடவை வேகமாக வடிப்போம். நுரை அங்கேயே நின்றுவிடும். அதில் வருவதைத் தூணுக்குள் விடுவோம்" என்றேன்.

"இரண்டு நாள் வேலை."

"ஓம், இரண்டு நாள்." வாயில் தமிழ் வந்துவிட்டது. அவளுக்கு விளங்கியது.

இரண்டாவது ஓட்டத்தில் தட்டுகள் தண்ணீரைவிட அழகாக நின்றன. குமிழிகள் சிறிதாக, நெருக்கமாக இருந்தன. ஒன்றையும் வெளியே விடாமல், மேலே போன ஆவி முழுவதையும் அரை மணித்தியாலம் திருப்பித் திருப்பிக் கீழே அனுப்பினேன். எளிதில் ஆவியாகும், உடம்புக்குக் கூடாத பொருட்கள் எல்லாம் உச்சிக்குப் போய்ச் சேரட்டும் என்று. பிறகு குளிர்விப்பானின் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தேன். முதல் துளிகள் வந்தன. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் மணம். அதைத் 'தலை' என்பார்கள். குடிக்கக் கூடாது, எடுத்து ஒதுக்கிவிடவேண்டும். அது போய், மணம் மெல்ல மாறி, அப்பிளின் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசனை வந்தது. அதுதான் நடுப்பகுதி, வைத்துக்கொள்வது. கடைசியில் ஈரமான கடதாசி மட்டை போல ஒரு நாற்றம் தொடங்கும், அது 'வால்'. மாற்றம் எந்தத் துளியில் நடக்கிறது என்பதைப் பிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

வாழ்க்கையில் நான் குடித்ததில்லை. ருசிபார்க்கப் பழகவேண்டியிருந்தது. தண்ணீர் கலந்து, வாயில் வைத்து, துப்பிவிடுவது. முதல் தடவை கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் ஆய்வுகூடத்தில் பத்தொன்பது வருடம் கரைப்பான்களை மோந்த மூக்கு எனக்கு இருந்தது. தலை முடியும் இடத்தை அவளுக்கு முன்னால் நான் சொன்னேன். அவள் தன் கிண்ணத்தை மோந்துவிட்டு, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அக்கா முன்படியில் விழுந்த இலைகளைக் கூட்டிக்கொண்டு நின்றாள். நான் கிட்டப் போனதும் அவளுடைய முகம் மாறியது. என் ஜக்கெட் முழுக்க மணம். உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அந்த ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. அடுத்ததும் இல்லை.

நான் வேலைத்தலத்தில் மாற்றுடுப்பு வைத்துக்கொண்டேன். அங்கேயே குளித்துவிட்டு வருவேன். வேலையை விடுவது பற்றி யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு முழுப் பயணம், அகாடியிலிருந்து வீடுவரை, யோசித்தேன். விட்டால் அக்கா சந்தோசப்படுவாளா என்று யோசித்தேன். அத்தானுக்காக அவள் விட்டவை எவ்வளவோ. அவர் ஒன்றையும் திருப்பித் தரவில்லை. நான் விடுவது அவளுக்கு எதையும் கொண்டுவந்து கொடுக்காது. வீட்டை அடைந்ததும் மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

"மணத்தோடை இனி வரமாட்டன். ஆனா வேலைக்குப் போவன்."

அவள் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். "போகாதை எண்டு நான் சொன்னனானே? எனக்கு அந்த மணம் ஏலாது. அவ்வளவுதான்."

"சரி."

"ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கட்டே?"

"வாங்கு."

அடுத்த வருடம் வைகாசி மாதத்தில், நான் கேட்காமலே, ஒருநாள் வந்து பார்க்கிறேன் என்றாள் அக்கா. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்காக அன்று தூணில் தண்ணீரைத்தான் ஓட்டினேன். அவள் கைப்பையோடு அதற்கு முன்னால் நின்றாள். வடிசாலைக்காரி கதிரை கொண்டுவந்து கொடுத்து, பொன்ஜூர் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனாள். அக்கா ஐந்து தட்டுகளையும் கீழிருந்து மேலாக எண்ணினாள். எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று விரலால் காட்டிக் கேட்டாள். நான் சொன்னேன். ஏறக்குறைய அரை மணித்தியாலம் இருந்திருப்பாள்.

"ஒளிச்சு வைக்க ஏலாது" என்றாள். "எல்லாம் வெளியிலை தெரியுது."

"ஓம்."

"வடிவாத்தான் இருக்கு. எனக்குப் பிடிக்கேல்லை."

"இரண்டும் இருக்கட்டும் அக்கா."

அவளை மெட்ரோவரை கூட்டிக்கொண்டு போய் விட்டேன். வழியில் பார்க் எக்ஸ்டென்ஷனில் இறங்கி முருங்கைக்காய் வாங்கப் போவதாகச் சொன்னாள். திரும்பி வந்து தண்ணீரை வெளியேற்றி, தட்டுகளைக் காயவிட்டேன். திங்கட்கிழமை புளித்த பேரிக்காய்ச் சாற்றை வடிப்பதாக இருந்தது. அது அப்பிளைவிட நுரைக்கும் என்று வடிசாலைக்காரி எச்சரித்திருந்தாள். கொப்பியில் ஒரு புதுப் பக்கம் திறந்து, பானையில் எவ்வளவு குறைத்து ஊற்றுவது என்று கணக்குப் போடத் தொடங்கினேன்.